மேட்டு வீட்டின் மஞ்சள் சுவர்

பூட்டு உடனே திறக்காது, டீச்சர். கொஞ்சம் பொறுங்கள். தேங்காய் எண்ணெய் கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு சொட்டு விட்டுவிட்டுச் சும்மா நின்றால், அதுவாக இளகும். போன வாரமும் விட்டேன். அதற்குள் மறுபடியும் துரு. சாவியைத் தொட்ட விரலை முகர்ந்து பாருங்கள், இரத்த வாடை அடிக்கும்.

கடற்கரைக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இங்கே இரும்பை நம்பக் கூடாது. கீல், கொக்கி, சைக்கிள் சங்கிலி, தையல் மிஷின், எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்றுவிடும். உங்கள் பள்ளிக்கூடத்து மணியைப் பார்த்தீர்களா? வெண்கலம். அதனால்தான் இன்னும் இருக்கிறது.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. வீடு பார்க்க வருகிறவர்களிடம் எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவிடுவேன். ஒன்றையும் ஒளிக்க மாட்டேன். நாளைக்கு, ‘இஞ்ஞாசி சொல்லவே இல்லை’ என்று யாரும் சொல்லக் கூடாது பாருங்கள்.

ம், திறந்துவிட்டது. தலையைக் குனிந்து வாருங்கள், நிலை தாழ்வு. காற்றுக்காக எங்கள் தாத்தா இப்படிக் கட்டினார். ஊரிலேயே மேடான இடம் இதுதான். அதனால் மேட்டு வீடு என்று பெயர். சேந்தன்துறையில் பஸ்ஸை விட்டு இறங்கி யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். உங்களுக்கும் காட்டினார்கள் அல்லவா? காட்டும்போது ஏதாவது சொன்னார்களா? ஒன்றும் சொல்லவில்லையா? நல்லது.

இது முன் அறை. இது சமையல்கட்டு. உப்பைத் திறந்து வைக்காதீர்கள், ஒரே நாளில் கசிந்து ஓடிவிடும். தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் போட்டு வையுங்கள். சிரிக்காதீர்கள், இங்கே எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

கிணறு பின்னால் இருக்கிறது. ஊர்ப் பெண்களும் இங்கே வந்துதான் தண்ணீர் எடுப்பார்கள். கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, தண்ணீர் எப்படி இருக்குமோ என்று நினைப்பீர்கள். குடித்துப் பாருங்கள், இளநீர் மாதிரி இருக்கும். ஆனால் மோட்டார் போடக் கூடாது. நல்ல தண்ணீர் மேலே ஓர் ஆள் உயரத்துக்குத்தான் மிதக்கிறது. அடியில் இருப்பது உப்பு. வாளியால் மெல்ல இறைத்தால் மேல் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடித்தண்ணீர் ஏறிவிடும். அப்புறம் ஒரு வருஷத்துக்கு வாயில் வைக்க முடியாது. உங்களுக்கு முன்னால் இங்கே இருந்தவர் வந்த வாரமே மோட்டார் போடப் பார்த்தார். நான் ஓடிவந்து நிறுத்தினேன். அதையெல்லாம் சொன்னேன், டீச்சர். கிணற்றைப் பற்றிச் சொன்னேன், உப்பைப் பற்றிச் சொன்னேன், பூட்டைப் பற்றிச் சொன்னேன்.

அவர் பெயர் நஞ்சப்பன். கோபிச்செட்டிபாளையம் பக்கம். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி சிவகாமி அம்மாவுக்கு இழுப்பு. கடல் காற்று பட்டால் தேவலை என்று யாரோ சொல்லி இங்கே வந்தார்கள். தங்கமான மனிதர்கள். ஆனால் புதியவர்கள். புதியவர்கள் என்றால் எதையும் கேட்டுச் செய்ய வேண்டும், இல்லையா?

நீங்கள் மீன் சாப்பிடுவீர்களா? மாட்டீர்களா? அதனால் என்ன. ஆனால் வள்ளம் வந்த அன்றைக்கு யாராவது ஒரு கிண்ணத்தில் நாலு மீனைக் கொண்டுவந்து வாசலில் வைத்தால், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். காசை நீட்டிவிடாதீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள். பூனைகள் இருக்கின்றன. கிண்ணத்தை மட்டும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு பிடி சீனி, இரண்டு வாழைப்பழம், ஏதாவது போட்டுக் கொடுங்கள். ‘டீச்சர் நம்மாளு’ என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. துறைக்கு இறங்குகிற ஆளைப் பார்த்து, ‘எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள்’ என்று கேட்கவே கூடாது. எங்கே போகிறான் என்று தெரியும். எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. 

என்ன அப்படித் திரும்பிப் பார்க்கிறீர்கள்? அந்தச் சத்தமா? ஒன்றுமில்லை, அந்த அறை ஜன்னலின் கொக்கி. காற்றில் தட்டுகிறது. 

ஓ, உங்களுக்குக் கேட்கவில்லையா? சரி, சரி.

வாருங்கள், அதையும் காட்டிவிடுகிறேன். இது கடல் பக்கத்து அறை. காற்றோட்டத்துக்கு இதைப்போல் ஊரில் வேறு அறை கிடையாது. ஆனால் உங்கள் பிள்ளைகளை இங்கே படுக்க வைக்க வேண்டாம். பயப்பட ஒன்றுமில்லை. ஈரம், அவ்வளவுதான். இந்தச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருக்கிறதா? வெளிப்பக்கம் காலை வெயில் சுள்ளென்று அடிக்கிறது, உள்பக்கம் இப்படி. நெஞ்சு உயரத்தில் பாருங்கள், ஓர் ஆள் கையை ஊன்றிக்கொண்டு நின்ற மாதிரி ஈரம். துடைத்தால் போய்விடும். மறுநாள் வரும். உப்பு பூக்கிறது. வேறொன்றுமில்லை என்று கொத்தனார் சொன்னார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பின்கதவு வழியாக வெளியே போவோம். அங்கேதான் முக்கியமானது இருக்கிறது.

இங்கே உட்காருங்கள், இந்தக் கல்லில். நான் இப்படி, கடலைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். நீங்களும் இப்போதைக்குக் கடலையே பாருங்கள். சுவரை அப்புறம் பார்க்கலாம்.

அதோ, வெள்ளையாக நுரை தள்ளுகிறதே, அது தெரிகிறதா? அதற்கு அடியில் பாறைத் திட்டு. கரைக்கு இணையாக நீளமாகப் போகிறது. நாங்கள் பார் என்போம். அந்தப் பாரில் ஒரே ஓர் இடத்தில் வாசல் உண்டு. இரண்டு வள்ளம் ஒன்றாக நுழையலாம், மூன்றாவதற்கு இடமில்லை. கடலில் இருந்து வருகிறவனுக்கு அந்த வாசல் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கும். அப்படியானால் எப்படி வருவான்?

கரையைப் பார்ப்பான். உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மாதா கோயில் மணிக்கூண்டு இருக்கிறது அல்லவா? அதற்கு நேர் முன்னால் இந்த வீட்டின் கடல்பக்கச் சுவர். கடலில் இருந்து பார்த்தால், மணிக்கூண்டு ஒரு பக்கமும் சுவர் ஒரு பக்கமுமாகத் தெரியும். வள்ளம் நகர நகர இரண்டும் நெருங்கும். சுவருக்கு உச்சியில் மணிக்கூண்டு நட்டு வைத்த மாதிரி வந்து நிற்கிற நேரம் பாருங்கள், அந்த நேரம் வள்ளம் வாசலுக்கு நேரே இருக்கிறது. அப்படியே நேராக வந்துவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு வரலாம்.

அதற்காகத்தான் தாத்தா இந்தச் சுவருக்கு மஞ்சள் பூசினார். பின்னால் பனங்காடு, முன்னால் மணல். வெள்ளை என்றால் மணலோடு போய்விடும். மஞ்சள்தான் தனியாகத் தெரியும். சித்திரை முடியும்போது சுண்ணாம்பில் மஞ்சள் காவியைக் கலந்து புதிதாகப் பூசிவிட வேண்டும். ஏனென்றால் வைகாசியில் கச்சான் கிளம்பிவிடும். மேற்கே தேரியில், அந்தச் செம்மணல் மேட்டில் இருந்து அடிக்கிற காற்று. மணலை அள்ளிக்கொண்டு கடலுக்குமேல் போகும். கரையெல்லாம் புகை மூடின மாதிரி இருக்கும். அந்தப் புகையிலும் மஞ்சள் தெரியும்.

இந்த வீட்டில் யார் இருந்தாலும் அந்த வேலை அவர்களுடையது. எழுதி வைத்த சட்டம் ஒன்றுமில்லை. 

என் காலத்தில் அது என் வேலை. எனக்குக் கடல் ஒத்துவராது, டீச்சர். பாரைத் தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதப் போனேன். என் அண்ணன் சந்தியாகு அப்படியில்லை. கடலில்தான் அவனுக்குத் தூக்கமே வரும். அவன் சொல்வான், “ஏல இஞ்ஞாசி, நீ கரையிலயே கெட. சுவத்துக்காவது மஞ்ச பூசு. அதுவும் கடல் வேலதாம்ல.”

எல்லார் முன்னாலும் சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள். நான் ஏணியில் நின்று பூசுவேன், அவன் கீழே நின்று சத்தம் போடுவான். “ஏல, மேல விட்டுட்ட பாரு! மூலையில, மூலையில! அங்கதாம்ல மொதல்ல கண்ணு போவும்!” இருபத்திரண்டு வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சா அது, சொல்லுங்கள்.

பிறகு ஊருக்குள் தள்ளிக் காலனி வீடுகள் வந்தன. அண்ணன் ஒரு வீட்டுக்குப் போனான், நான் ஒரு வீட்டுக்குப் போனேன். மேட்டு வீட்டை வாடகைக்கு விடலாம் என்று முடிவாயிற்று. அப்போதுதான் நஞ்சப்பன் வந்தார். ஒன்பது வருஷம் ஆகிறது. மாசியில் வந்தார். அண்ணனும் ஊர் வள்ளங்கள் எல்லாமும் தங்கலுக்குப் போயிருந்த நேரம். தங்கல் என்றால், மீன் கிடைக்கிற வேறு கரையில் போய் இரண்டு மூன்று மாதம் தங்கித் தொழில் செய்வது. ஊரில் பெண்களும் கிழடுகளும்தான். நானும் இருந்தேன்.

சித்திரை கடைசியில் நஞ்சப்பன் இந்தச் சுவருக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார்.

அவர் பாட்டுக்கு அடித்துவிட்டார், டீச்சர். ஊர் வழக்கம் தெரியாதவர். காலையில் எழுந்து பின்பக்கம் வந்தால் மஞ்சள் கண்ணைக் குத்துகிறதாம். அவர் ஊரில் வாய்க்காலும் வயலுமாகப் பச்சையாகவே பார்த்துப் பழகிய கண். அந்த அம்மாவுக்கும் மனதுக்கு இதமாக இருக்குமே என்று நினைத்திருக்கிறார். 

கேட்டாரா என்கிறீர்களா?

கேட்டார். கேட்கவில்லை என்று நான் சொல்லவில்லையே. ஐஸ் கம்பெனிக்கே வந்து கேட்டார். “ஏனுங்கண்ணா, பின்னாடி செவுத்துக்கு நானே செலவு பண்ணிப் பெயிண்ட் அடிச்சுக்கலாமுங்களா? கண்ணு ரொம்பக் கூசுதுங்க.” பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டார். இந்தச் சுவர் எதற்கு மஞ்சளாக இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்த வருஷம் நான் ஏணியில் ஏற வேண்டாம் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. “உங்க இஷ்டம்” என்றேன். பச்சை என்றுகூட அவர் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆமாம், சொன்னார்.

அந்தக் காலத்தில் வள்ளங்களில் வழிகாட்டுகிற மிஷின் வரத் தொடங்கிவிட்டது. பொத்தானை அழுத்தினால் அம்புக்குறி காட்டும். இனிமேல் யார் சுவரைப் பார்க்கப் போகிறார்கள் என்று யாரும் நினைப்பார்கள்தானே? நான் மட்டுமா?

அவருக்கு முழங்காலில் வலி. ஏணியில் நின்று வேலை செய்கிறவர் இல்லை. அதனால் நானும் ஒரு கை கொடுத்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஏணியைப் பிடித்ததற்கு மேல் எனக்கு அதில் பங்கில்லை.

அடித்து முடித்த மறுநாள் என் அண்ணன் மனைவி, பிலோமி மதினி, கிணற்றுக்கு வந்தவள் சுவரைப் பார்த்துவிட்டு நேரே ஐஸ் கம்பெனிக்கு வந்தாள். குடத்தோடு வந்தாள்.

“என்ன கொழுந்தனாரே, சுவத்துல என்னத்தப் பூசி வச்சிருக்கீய?”

“அவர்தான் மதினி, அந்தக் கோபிக்காரர்.”

“அவிய வாறதுக்குள்ள மாத்திருங்க. பனையோட பனையா இருக்கு, ஒண்ணுந் தெரியல.”

“மாத்திடுறேன்.”

“போன்ல அவியகிட்ட ஒரு வார்த்த சொல்லி வைக்கவா?”

“வேண்டாம் மதினி. எல்லாரையும் வச்சிக்கிட்டு வைவான். அவங்க வர்றதுக்குத் திங்கக்கிழம ஆகும். ஞாயித்துக்கிழம நானே மஞ்சள அடிச்சிடுறேன்.”

மதினி குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள். “ஞாயித்துக்கிழம” என்றாள். குடத்தை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கச்சான் வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டது.

காற்று வருகிறது என்றதும் தங்கலில் இருந்த வள்ளங்கள் முன்னாலேயே புறப்பட்டுவிட்டன. காலை ஒன்பது மணி இருக்கும். இப்போது மாதிரியே. மணல் கிளம்பிக் கரையை மூடியிருந்தது. மூன்று வள்ளம் வந்தன. முதல் வள்ளம் அண்ணனுடையது. அவனிடமும் மிஷின் இருந்தது. முந்தின இரவு அலையில் நனைந்து அணைந்துவிட்டதாம். அவன் கவலைப்படவில்லை. பின்னால் வந்தவர்களைப் பார்த்து, “என் பின்னாலயே வாங்கல, வீட்டுச் சுவரு இருக்கு” என்று கத்தினானாம்.

அவனோடு வள்ளத்தில் இருந்த தொம்மைதான் இதையெல்லாம் சொன்னான். நீந்தி வந்தவன். அண்ணன் முன்னால் ஏறி நின்று, கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். மணிக்கூண்டு மங்கலாகத் தெரிகிறது. சுவரைக் காணவில்லை. ‘மஞ்சளக் காணுமேல’ என்றானாம். வள்ளத்தைத் திருப்பித் தெற்கே கொஞ்சம் போய்ப் பார்த்தான். மறுபடியும் வடக்கே. ‘மஞ்சளக் காணும். வீட்டக் காணுமேல’ என்றானாம். எங்கள் வீட்டுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டானாம், டீச்சர். கடலில் நின்றுகொண்டு, வீட்டுக்கு என்ன ஆயிற்றோ என்று. அப்படிப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அலை தூக்கிப் பாரில் போட்டது.

பின்னால் வந்த இரண்டு வள்ளமும் விலகிக்கொண்டன. தொம்மை வந்தான். இன்னொருவன் வந்தான். அண்ணன் வரவில்லை. பலகை வந்தது, வலை வந்தது, அவன் சாப்பாட்டு வாளிகூட வந்தது. எட்டு நாள் கரையோரமாகத் தேடினோம். கடைசியில் அவன் சட்டையை வைத்துக் கல்லறை கட்டினோம்.

கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. நஞ்சப்பனைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். யாரும் அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. ஊர்ப் பெரியவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “சுவரப் பத்தி ஒங்களுக்கு யாருஞ் சொல்லலியா?”

நஞ்சப்பன் என்னைப் பார்த்தார். நான் என் கைவிரலைப் பார்த்தேன். நகக்கண்ணில் கொஞ்சம் பெயிண்ட் இருந்தது.

“யாரும் சொல்லலீங்க” என்றார் அவர். “நாங்களும் கேக்கலீங்க. எங்க தப்புத்தானுங்க.”

மதினி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தலைத்துணியை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். ஏன் பேசவில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. இவர்தான் மாற்றுகிறேன் என்றார், இவர்தான் போன் பண்ண வேண்டாம் என்றார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் எனக்குக் குழம்பு கொடுத்து அனுப்புகிறாள். 

அதற்கப்புறம் நஞ்சப்பன் வீட்டு வாசலில் யாரும் கிண்ணம் வைக்கவில்லை. கிணற்றுக்கு அந்த அம்மா வந்தால் மற்றப் பெண்கள் வாளியை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். ஒரு மாதம் இருந்தார்கள். போவதற்கு முன்னால் நஞ்சப்பன் என்ன செய்தார் தெரியுமா? சுண்ணாம்பும் காவியும் வாங்கி வந்து, முழங்கால் வலியோடு ஏணியில் ஏறி, மூன்று நாள், இந்தச் சுவர் முழுக்க மஞ்சள் அடித்துவிட்டுப் போனார். நான் ஏணியைப் பிடிக்க வந்தேன். “வேண்டாமுங்கண்ணா. நானே பாத்துக்கறேனுங்க” என்றார். அவ்வளவு நாளும் அண்ணா அண்ணா என்றவர், அன்றைக்கும் அண்ணா என்றுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதனால்தான் சொல்கிறேன், புதிதாக வருகிறவர்கள் எதையும் கேட்டுச் செய்ய வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த மஞ்சளுக்கு அடியில் இருந்து பச்சை மேலே வருகிறது, டீச்சர்.

பெயிண்டின் மேல் சுண்ணாம்பு ஒட்டாது, உரிந்துவிடும் என்று கொத்தனார் சொன்னார். சரி என்று சுவரைச் சுரண்டி எடுத்தேன். பூச்சையே கொத்தி எடுத்துவிட்டுப் புதுப் பூச்சு பூசினேன். அதன்மேல் மஞ்சள். ஒரு வருஷம் தள்ளினால் போதும் என்று பார்த்தேன். ஆறே மாதத்தில் வந்துவிட்டது. பிறகு மூன்று மாதத்தில். இப்போதெல்லாம் வாரம் ஒரு முறை அடிக்கிறேன். மேல் மூலைகள் இரண்டிலும்தான் முதலில் வரும். பாசி படிகிற மாதிரி மெல்லக் கீழே இறங்கும். 

பூச்சே புதிது. அப்புறம் பச்சை எங்கிருந்து வருகிறது?

ஊரில் கேட்டால் பச்சையே இல்லை என்கிறார்கள். ‘மஞ்சளாகத்தான் இருக்கிறது, போய்ப் படும் ஓய்’ என்கிறார்கள். மதினியைக் கூட்டிவந்து காட்டினேன். பார்த்தாள். “மஞ்சளாத்தான் இருக்கு, கொழுந்தனாரே. போய்ச் சாப்பிடுங்க” என்றாள். சுவரைப் பார்த்துச் சொன்னாளா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு, ‘ஞாயித்துக்கிழம’ என்று சொன்னாளே, அதே குரல்.

அதனால்தான் வெளியூர்க்காரர்கள் யாராவது வீடு தேடி வந்தால் நானே போய்க் கூட்டிவருகிறேன். இதுவரை பதினோரு பேர் வந்தார்கள். எல்லாரிடமும் இதே மாதிரி உட்கார வைத்து, ஒன்றையும் ஒளிக்காமல், முழுக்கச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, என்ன நிறம் என்று கேட்டேன். பதினோரு பேரும் மஞ்சள் என்றார்கள். சொல்லிவிட்டு அவசரமாக பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். ஒருவரும் குடிவரவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. வீட்டில் ஒரு குறையும் இல்லையே.

அதோ, மறுபடியும் தட்டுகிறது. உங்களுக்குக் கேட்கவில்லை, தெரியும். கொக்கி என்று சொன்னேன் அல்லவா? அந்த ஜன்னலில் கொக்கி கிடையாது, டீச்சர். இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே உப்பு தின்றுவிட்டது.

இன்றைக்கு உங்களை இவ்வளவு காலையில் வரச்சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. கச்சான் நேற்றுக் கிளம்பிவிட்டது. தங்கலில் இருந்து வள்ளங்கள் வருகின்றன. முன்னால் வருகிறவன் ரீகன், அண்ணன் மகன். அண்ணன் போனபோது பள்ளிக்கூடத்தில் இருந்தான். இப்போது அப்பன் மாதிரியே முன்னால் நின்றுதான் வருவானாம். அவனிடம் புது மிஷின் இருக்கிறது. சுவரெல்லாம் வேண்டாம் சித்தப்பா என்று சிரிக்கிறான். அவன் அப்பனிடமும் மிஷின் இருந்தது.

நேற்றுச் சாயங்காலம்தான் சுவர் முழுக்க அடித்தேன். காலையில் வந்து பார்த்தேன். நான் பார்த்ததைச் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் உங்கள் கண்ணுக்கும் அப்படியே தெரிந்துவிடும்.

எழுந்திருங்கள். அந்த மணல் சரிவில் இறங்கி இருபது அடி தள்ளிப் போய் நில்லுங்கள். நின்று திரும்பிச் சுவரைப் பாருங்கள். நான் இப்படியே கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். நீங்கள் புதியவர். இந்த ஊரில் யாருக்கும் வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை. எனக்காகப் பொய் சொல்ல உங்களுக்கு ஒரு காரணமும் கிடையாது. என் முகத்தைப் பார்க்காதீர்கள். சுவரைப் பாருங்கள்.

அதோ, புகைக்குள் மூன்று புள்ளி. பார்த்தீர்களா? அவர்கள்தான்.

என்ன நிறம், டீச்சர்?

மெல்லச் சொன்னாலும் கேட்கும். காற்று உங்கள் பக்கம் இருந்துதான்... இல்லை, காற்று மேற்கே இருந்து வருகிறது. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.

மூலையைப் பாருங்கள். மேல் மூலை.

டீச்சர்?

என்ன பேசாமல் ஏறி வருகிறீர்கள்? பஸ்ஸுக்கா? பஸ் பத்தரைக்குத்தான். அதற்குள் ஒரே ஒரு வார்த்தை... 

அந்த வாளியை எதற்கு எடுக்கிறீர்கள்? அது நேற்றுக் கலக்கின மஞ்சள், மிச்சம். கையெல்லாம் ஆகிவிடும். வையுங்கள். வீடு பார்க்க வந்தவர் நீங்கள், உங்களுக்கு எதற்கு இந்த வேலை?

ஏணி அந்தப் பக்கம் சாத்தியிருக்கிறது. 

வேண்டாம், வேண்டாம், நீங்கள் ஏறாதீர்கள். பூசுகிற மட்டையை என்னிடம் கொடுங்கள். நான் ஏறுகிறேன். ஏணியை மட்டும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், மணல் இளகும். வாசலுக்கு நேரே வர அவர்களுக்கு இன்னும் கால் மணி ஆகும். இரண்டு மூலைக்கும் அது போதும்.

நன்றாகப் பிடித்துக்கொண்டீர்களா?

அன்றைக்கு ஏணியை நான் பிடித்தேன் என்று சொன்னேன் அல்லவா, டீச்சர்? பிடித்தது நஞ்சப்பன். அவருக்குத்தான் முழங்கால் வலியாயிற்றே. ஏறினது நான். பச்சை வாளி என் கையில்தான் இருந்தது. மூலையை விட்டுவிடாமல், நன்றாகத் தேய்த்துத் தேய்த்து அடித்தேன்.